வன்னியில் காணி முதலீடு: எந்த நகரத்தைத் தெரிவது, எதைப் பார்த்துத் தெரிவது?

2025ஆம் ஆண்டில் வன்னிக் காணிகள் பற்றி வந்த இரண்டு செய்திகள் பலரைக் குழப்பத்தில் ஆழ்த்தியுள்ளன. ஒன்று, பரந்தனிலும் மாங்குளத்திலும் முதலீட்டு வலயங்கள் அமைக்கப்படும் என்ற அரசின் அறிவிப்பு. மற்றையது, மார்ச் 28ஆம் திகதி வெளியான காணித் தீர்வு வர்த்தமானி. யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் ஆகிய மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு உரிமை கோருவோர் 3 மாதங்களுக்குள் முன்வராவிட்டால் அக்காணிகள் அரசுடையதாகிவிடும் என்ற அச்சத்தை அது எழுப்பியது. ஜூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. முதலாவது செய்தியைக் கேட்டவர் இப்போதே வாங்க வேண்டும் என்கிறார். இரண்டாவதைக் கேட்டவர், வாங்கினாலும் அது கையில் நிற்குமா என்கிறார்.

யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ ஓரிரு காணிகளை வாங்கி விற்றுப் பழகியவர்களும், வெளிநாட்டிலிருந்து சகோதரங்கள் அனுப்பும் பணத்தை ஓரிடத்தில் போட நினைப்பவர்களும் இப்போது கேட்கும் கேள்வி, வன்னியில் எந்த ஊர் என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உள்ளன. அவற்றை வரிசை மாற்றிக் கேட்பதால்தான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன.

முதலீடு என்பதால் எதைக் கருதுகிறோம்

காணியில் போட்ட பணம் மூன்று வழிகளில் திரும்பும். விலை ஏறும்வரை வைத்திருந்து விற்பது முதல் வழி. வீடோ கடையோ கட்டி வாடகைக்கு விடுவது இரண்டாவது. பெரிய துண்டொன்றை வாங்கி, பாதை விட்டு, சிறு துண்டுகளாகப் பிரித்து விற்பது மூன்றாவது. ஒரே ஊர் மூன்றுக்கும் பொருந்தாது. வாடகைக்கு மாதச் சம்பளக்காரர் தேவை. பிரித்து விற்பதற்கு வங்கிக் கடன் எடுக்கக்கூடிய வாங்குவோர் தேவை. காத்திருந்து விற்பதற்கு இவை இரண்டும் இல்லாமற் போனாலும், எந்த நீதிமன்றத்திலும் நிற்கக்கூடிய உறுதி, அதாவது உரிமைப் பத்திரம், கட்டாயம் தேவை. ஆகவே எந்த வழியில் வருமானம் தேடுகிறோம் என்பதைத் தீர்மானிக்காமல் ஊரைத் தேடக் கூடாது.

வன்னியில் காணி நான்கு வகை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காணி என்றால் பெரும்பாலும் உறுதிக் காணி. வன்னியில் அப்படியன்று. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணி அத்துமீறல் கட்டளைச் சட்டம், காடாகவும் தரிசாகவும் ஆட்சியில் இல்லாமலும் கிடந்த நிலம் அனைத்தும் அரசுடையது எனக் கொள்ள வழி செய்தது. குளங்களுக்கிடையே காடு விரிந்து கிடந்த வன்னியில் இதன் விளைவு மிகப் பெரியது. பின்னர் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அந்த அரச நிலத்தில் குடியேற்றங்கள் உருவாகின. இரணைமடுவின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் முத்தையன்கட்டின் கீழும் வயலும் மேட்டுக்காணியுமாகக் குடும்பங்கள் பெற்றவை இவ்வகையே. இன்று ஒரு தரகர் காட்டும் காணி பின்வரும் நான்கில் ஒன்றாக இருக்கும்.

1. உறுதிக் காணி. தனியாருக்கு முழு உரித்துள்ளது. பிரசித்த நொத்தாரிசு முன் எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்து கைமாற்றலாம். வங்கியில் ஈடு வைக்கலாம்.

2. அளிப்புக் காணி. அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகளை நிறைவேற்றியவருக்கு அரசு வழங்கும் அளிப்பு இது. 'சுவர்ணபூமி', 'ஜயபூமி' என்ற பெயர்களில் வந்தவை இவ்வகையின. உரிமை பெரிதும் உறுதியாகியிருந்தாலும், பிரதேச செயலாளரின் முன்அனுமதியின்றி இதை விற்க முடியாது. குறித்த அளவுக்குக் கீழ்ப் பிரிக்கவும் முடியாது.

3. அனுமதிப்பத்திரக் காணி. ஊரில் 'பெர்மிட் காணி' என்பது இதுவே. குடியிருக்கவும் பயிர் செய்யவும் தரப்பட்ட உரிமையே தவிர, விற்பதற்கான உரிமையன்று.

4. எந்தப் பத்திரமும் இல்லாத, நெடுங்காலம் குடியிருந்து வரும் அரச காணி. நெடுங்காலம் வைத்திருப்பதால் வரும் ஆட்சியுரிமை அரசுக்கு எதிராக ஓடாது. 40 ஆண்டுகள் இருந்தாலும் அது தானாகத் தனியார் காணியாகிவிடாது.

மூன்றாவது வகையைச் சற்று அருகில் வைத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் வெளியிலிருந்து வருவோர் இடறி விழுவது அங்கேதான். மழையிலும் இடப்பெயர்விலும் தப்பி, பொலித்தீன் உறைக்குள் மடித்து வைக்கப்பட்ட அந்தத் தாளை விரித்தால், பெற்றவரின் பெயர், காணியின் எல்லைகள், விதிக்கப்பட்ட நிபந்தனைகள், அவருக்குப் பின் காணியைப் பெறுவதற்கு நியமிக்கப்பட்ட பின்னுரித்தாளியின் பெயர் ஆகியவை இருக்கும். அரச முத்திரையும் கையொப்பமும் இருப்பதால் பார்ப்பவருக்கு நம்பிக்கை வருகிறது. ஆனால் அந்தத் தாளை அடிப்படையாகக் கொண்டு விற்பனை உறுதி எழுதுவதைச் சட்டமே தடுக்கிறது. எழுதினாலும் அது வெற்றானது. அதனால்தான் 'உறுதி பிறகு முடிக்கலாம், இப்போதைக்குச் சத்தியக்கடதாசி போதும்' என்ற பேச்சு எழுகிறது. பணம் கைமாறுகிறது, வேலி போடப்படுகிறது, கிணறும் வெட்டப்படுகிறது. விற்றவர் இறந்த பின் பின்னுரித்தாளி வந்து நின்றால், வாங்கியவரிடம் காட்ட எதுவும் இல்லை. இந்தச் சட்டத்தின் பழைய வாரிசு ஒழுங்கு மூத்த மகனுக்கு முன்னுரிமை கொடுத்திருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அந்தப் பால் வேறுபாட்டை நீக்கியது. சரியான திருத்தம்தான். ஆனால் ஒரு மகனிடம் மட்டும் பேசி 'எழுதுவித்த' பழைய கொடுக்கல் வாங்கல்கள் இன்னும் பலவீனமாகும் என்பதையும் வாங்குபவர் உணர வேண்டும்.

2024இல் 'உறுமய' என்ற பெயரில், இத்தகைய காணிகளுக்கு முழு உரித்து வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. அதைச் சொல்லியே இன்று பெர்மிட் காணிகள் பேரம் பேசப்படுகின்றன. திட்டம் இருப்பது வேறு, குறித்த அந்தக் காணிக்கு உரித்துப் பத்திரம் வழங்கப்பட்டுப் பதிவாகியிருப்பது வேறு. இரண்டாவதைக் கண்ணால் காணும்வரை விலை பேசக் கூடாது.

உறுதிக் காணியிலும் வன்னிக்கேயுரிய சிக்கல்கள் உண்டு. போரில் பலர் உறுதிகளை இழந்தார்கள். உரிமையாளர் இல்லாத காலத்தில் வேறொருவர் அடாத்தாகக் குடியிருந்த காணிகளும் உண்டு. தனியார் காணியில் 10 ஆண்டுகள் இடையூறின்றி எதிராட்சி செய்தவர், அதாவது உரிமையாளரை ஏற்காமல் தனதாகவே வைத்திருந்தவர், உரிமை கோரலாம் என்பது பொதுவிதி. போரினால் காணிக்குத் திரும்ப முடியாதிருந்தவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து விலக்கியது. ஆகவே காணி தனதென்று தானே அறிவித்து எழுதிய வெளிப்படுத்தல் உறுதியை மட்டும் காட்டி விற்பவரிடம், ஆட்சி எப்போது தொடங்கியது, முந்திய உரிமையாளர் எங்கே என்று கேட்டே ஆக வேண்டும். பங்குக் காணியாயின், வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி கூட்டுரிமையாளருக்கு முதலில் வாங்கும் உரிமை இருக்கிறதா என்பதும், தேசவழமை ஆளும் மனைவி விற்பவராயின் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் இருக்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும்.

ஒரே காணிக்குப் பல திணைக்களங்கள்

உறுதி சரியாக இருந்தாலும் நிலம் வேறொரு எல்லைக்குள் கிடக்கலாம். வனத் திணைக்களம், வனஜீவராசிகள் திணைக்களம், தொல்பொருள் திணைக்களம், நீர்ப்பாசனத் திணைக்களம், சில பகுதிகளில் மகாவலி அதிகார சபை, படையினர் ஆகிய அனைவரும் வன்னி நிலத்தில் தங்கள் எல்லைகளை வைத்திருக்கிறார்கள். சுண்டிக்குளமும் மடுவீதியும் 2015இல் தேசிய பூங்காக்களாகப் பிரகடனம் செய்யப்பட்டன. தொல்பொருள் எல்லையால் எழுந்த குருந்தூர்மலைக் காணிப் பிணக்கும், படையினர் வசமிருந்த காணிகளுக்கான கேப்பாப்புலவு மக்களின் நெடும் போராட்டமும் எல்லோரும் அறிந்தவை. அந்த மக்களின் துயரத்தை முதலீட்டாளர் வெறும் ஆபத்துக் கணக்காகப் பார்க்கக் கூடாது; திரும்ப முடியாமல் ஒருவர் காத்திருக்கும் காணியை மலிவு என்று இன்னொருவர் வாங்குவது சட்டத்துக்கு முன் எப்படியோ, ஊருக்கு முன் நிற்காது.

வயற்காணியை நிரப்பி வீட்டுத் துண்டுகளாக விற்பதும் இவ்வகையில் அடங்கும். 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது. ஏ9 வீதியோரம் கிறவல் கொட்டி உயர்த்திய துண்டுகளைக் கண்டால், அந்த அனுமதியை முதலில் கேட்க வேண்டும்.

நீர் எங்கே நிற்கும்

வவுனியா நகரின் குடியிருப்புகளைச் சொல்லிப் பாருங்கள்: வைரவபுளியங்குளம், பண்டாரிகுளம், இறம்பைக்குளம், நெளுக்குளம், தாண்டிக்குளம். ஊர்ப் பெயர்களே நீரின் பதிவேடாக இருக்கின்றன. குளமும் அதன் அலைகரையும் மிகைநீர் வெளியேறும் வான் பாயும் வழியும் எங்கே என்பதை முன்னோர் பெயரில் எழுதி வைத்திருக்கிறார்கள். கோடையில் கட்டாந்தரையாகத் தெரியும் அலைகரை, மார்கழியில் குளத்தின் பகுதி. வெயிற்காலத்தில் காணி பார்க்க வருபவருக்கு அது தெரியாது.

2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் வந்தபோது இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. அந்த ஆண்டு நீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதை எந்த வரைபடத்தையும் விடத் தெளிவாக அயல்வீட்டுச் சுவர் சொல்லும். பூசிய சுவரில் அரையடி உயரத்துக்கு மேல் நேர்கோடாக ஒரு பழுப்புக் கறை ஓடுகிறதா, மதவுக்கு அருகேயுள்ள வேலிக் கம்பியில் வைக்கோலும் சருகும் சிக்கிக் காய்ந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அயலிலுள்ள முதியவர் ஒருவரிடம் 'எந்த வரியத்தில் வெள்ளம் வாசலுக்கு வந்தது' என்று கேட்டால், அவர் ஆண்டையும் மாதத்தையும் சொல்வார்.

கோடையில் குடிநீர் எப்படி என்பதும் இதே அளவு முக்கியம். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் நடுவே அமைந்த பூநகரி விரைவில் பெரிய நகரமாகும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். பாதை வந்தது, நல்ல தண்ணீர் அதனுடன் வரவில்லை. கிணற்று நீர் உவர்க்கும் இடத்தில் வாடகைக்கு ஆள் நிலைப்பதில்லை.

ஊர்கள் ஒவ்வொன்றாக

வவுனியா: போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்கள் வந்து தங்கிய நகரம் இது, அதனால் இங்கே வீடும் கடையும் வாங்கல் விற்றல் தொடர்ச்சியாக நடந்து வந்துள்ளது. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மாவட்டத்தின் மக்கள் தொகை 172,115. ஏ9 வீதியுடன் மன்னார், ஹொரவப்பொத்தானை வீதிகள் சந்திப்பதும், வடக்குப் புகையிரதப் பாதையும், மாவட்டப் பொது வைத்தியசாலையும், 2021 ஆகஸ்ட் 1 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் பம்பைமடு வளாகமும் சேர்ந்து மாதச் சம்பளக்காரரையும் மாணவரையும் இங்கே வைத்திருக்கின்றன. உறுதிக் காணி கிடைக்கும். விற்க நினைத்தால் வாங்க ஆளும் கிடைக்கும். விலை ஏற்கெனவே உயர்ந்திருப்பது இதன் மறுபக்கம். வன்னியில் முதன்முதலாகக் கால் வைப்பவர் இங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் தெளிவான கருத்து. மலிவாக வாங்கி விற்க முடியாமல் நிற்பதைவிட, கூடிய விலைக்கு வாங்கி விற்கக்கூடிய நிலையில் இருப்பது தொடக்கக்காரருக்குப் பாதுகாப்பு.

கிளிநொச்சி: 1984இல் தனி மாவட்டமானது, 2012இல் மக்கள் தொகை 113,510. புகையிரதம் 2013 செப்டெம்பரில் மீண்டும் வந்தது. அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குவதாலும், அங்கேயே ஆடைத் தொழிற்சாலை இருப்பதாலும் அறை வாடகைக்கு உண்மையான தேவை இருக்கிறது. நகரின் பெரும்பகுதி குடியேற்றத் திட்டத்தில் உருவானது. ஆகவே ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்த இரு காணிகளில் ஒன்று உறுதியாகவும் மற்றது பெர்மிட்டாகவும் இருக்கக்கூடும். ஊரையன்றி, துண்டைத் தெரிவு செய்ய வேண்டிய நகரம் இது.

பரந்தனும் மாங்குளமும்: பரந்தன் ஏ9 வீதியும் முல்லைத்தீவு வீதியும் சந்திக்கும் இடம், ஒரு காலத்தில் இரசாயனத் தொழிற்சாலையால் அறியப்பட்ட ஊர். மாங்குளத்திலும் முல்லைத்தீவுக்கான மற்றொரு வீதி பிரிகிறது. வட மாகாணத்தின் நடுவில் அமைந்திருப்பதால் மாகாண நிர்வாகத்தையே அங்கு கொண்டு செல்லும் யோசனையும் முன்பு பேசப்பட்டது. இரண்டுக்கும் இருப்பிடம் வாய்ப்பானது. இன்று வாடகை கொடுப்பவர் குறைவு. 10 ஆண்டுகள் தேவைப்படாத பணம் இருந்தால் மட்டுமே இங்கே வைக்கலாம்.

முல்லைத்தீவும் புதுக்குடியிருப்பும்: 2012இல் மாவட்டம் முழுவதிலும் 92,238 பேர். அரச அலுவலர்களுக்கான வாடகை வீடுகள் சிலவற்றுக்கு இடமுண்டு. அதற்கு மேல் சந்தை மெல்லியது. 2025 செப்டெம்பரில் வட்டுவாகல் பாலத்தின் புனரமைப்பு தொடங்கியது. அது முடியும்போது போக்குவரத்து எளிதாகும். திணைக்கள எல்லைகள் மிகுந்த மாவட்டமும் இதுவே.

மன்னார்: தீவில் 103.5 மெகாவாற் காற்றாலைத் திட்டம் 2020 டிசெம்பரில் தொடங்கப்பட்டது. மேலும் காற்றாலைகளுக்கும் கனிய மணல் அகழ்வுக்கும் எதிராக 2025இல் மக்கள் வீதியில் இறங்கினார்கள். நிலமட்டம் தாழ்ந்த தீவில் அந்த மக்களின் நீர், நிலம் பற்றிய கவலை தீராதவரை அங்கே நீண்டகால முதலீட்டைப் பற்றிப் பேசுவது முறையாகாது.

அறிவிப்புக்கு விலை கொடுக்கலாமா

விளைபொருள் மொத்தச் சந்தையான வவுனியாவின் பொருளாதார மத்திய நிலையத்தை ஓமந்தையில் அமைப்பதா, தாண்டிக்குளத்தில் அமைப்பதா என்று 2016இல் பெரும் இழுபறி நடந்தது. கடைசியில் அது மதவுவைத்தகுளத்தில் கட்டப்பட்டது. கட்டிய பின்னும் ஆண்டுக்கணக்கில் பூட்டியே கிடந்தது. ஓமந்தையில் வரும் என்று நம்பி அதன் அயலில் வாங்கியவருக்கும், கட்டடம் எழுந்ததைக் கண்டு மதவுவைத்தகுளத்தில் வாங்கியவருக்கும் கிடைத்தது காத்திருப்புத்தான். அரசின் அறிவிப்பு, நிதி ஒதுக்கீடு, காணி சுவீகரிப்பு, கட்டுமானம், இயக்கம் என்ற ஐந்து படிகளில், வாடகைக்கு ஆள் வருவது ஐந்தாம் படியில். தரகர் விலையைக் கூட்டுவது முதற் படியில். பரந்தன், மாங்குளம் வலயங்களை இந்த அளவுகோலால் பார்க்க வேண்டும்.

கணக்கு

50 இலட்சம் ரூபாவுக்கு ஒரு காணி வாங்கினால், முதல் 1 இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமுமாக முத்திரைத் தீர்வை 199,000 ரூபா. நொத்தாரிசு, நில அளவையாளர் கட்டணங்கள் இதற்கு மேல். விற்கும்போது, தனியாருக்கு 10 வீதமாக இருந்த மூலதன இலாப வரி 2025 ஏப்ரல் முதல் 15 வீதம். ஆக, வாங்கிய மறுநாளே அதே விலைக்கு விற்றாலும் கையிலிருந்து 4 வீதத்துக்கு மேல் போய்விடும்.

வாடகைக்கு ஓர் எடுத்துக்காட்டு: காணியும் வீடுமாக 90 இலட்சம் செலவிட்டு, மாதம் 35,000 ரூபா வாடகை பெற்றால் ஆண்டுக்கு 420,000. ஒரு மாதம் வெறுமையாகக் கிடந்ததற்கும், திருத்த வேலைக்கும், ஆதனவரிக்கும் 60,000 கழித்தால் மீதி 360,000. அதாவது 4 வீதம். இதை வங்கி நிலையான வைப்பு வட்டியோடு ஒப்பிட வேண்டும். மத்திய வங்கியின் கொள்கை வட்டி 2025 மே மாதத்தில் 7.75 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2023 மார்ச்சில், மத்திய வங்கி வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வீதம் 16.5 ஆக இருந்தது. வட்டி இறங்கியிருக்கும் காலத்தில் காணிக்குப் பணம் பாய்வது இயல்பு. அப்போது வாங்கியவர் வட்டி மீண்டும் ஏறும்போது விற்க நேர்ந்தால், வாங்க ஆளிருக்காது. கடன் எடுத்து வெறுங்காணி வாங்குவதை, எந்த ஊரிலும், தவிர்ப்பதே நல்லது.

பரப்பில் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1 பரப்பு 10 பேர்ச்சஸ். 1 ஏக்கர் 16 பரப்பு. ஏக்கர் விலை மலிவாகத் தெரிந்தாலும், பாதைக்கும் வடிகாலுக்கும் விட்டபின் விற்கக்கூடியதாக மிஞ்சும் பரப்புகளைக் கொண்டே விலையைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

முற்பணம் கொடுப்பதற்கு முன்

1. காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுகளுக்கான தேடுகையை நீங்கள் அமர்த்திய சட்டத்தரணி மூலம் எடுக்க வேண்டும்; விற்பவர் தரும் பிரதியை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

2. பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில், அந்தத் துண்டு அரச காணிப் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் கேட்க வேண்டும்.

3. உள்ளூராட்சி மன்றத்தில் வீதிக்கோட்டுச் சான்றிதழும், காணி சுவீகரிக்கப்படவில்லை என்ற சான்றிதழும் பெற வேண்டும். ஏ9 வீதியோரக் காணிகளுக்கு இது மிக முக்கியம்.

4. பதிவுபெற்ற நில அளவையாளரை நிலத்துக்கு அழைத்துச் சென்று, எல்லைக் கற்களைப் பழைய வரைபடத்துடன் ஒப்பிட வேண்டும்.

வெளிநாட்டில் இருப்போருக்கு

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுப் பிரசைகளுக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கிறது. அது 2013 ஜனவரி 1 முதல் செல்லுபடியாகிறது. இலங்கையில் பிறந்திருந்தாலும், கனடாவிலோ பிரித்தானியாவிலோ பிரசாவுரிமை பெற்று இலங்கைப் பிரசாவுரிமையை இழந்தவர் இச்சட்டத்தின் முன் வெளிநாட்டவரே. இரட்டைப் பிரசாவுரிமை உள்ளவருக்கு இத்தடை இல்லை. பெற்றோரின் காணி வாரிசுரிமையாக வருவது வேறு விடயம். புதிதாக வாங்குவதே இங்கு பேசப்படுவது.

இத்தடையைத் தாண்டுவதற்காக உறவினர் பெயரில் வாங்கி வைப்பது வன்னியில் வழக்கமாகிவிட்டது. உறுதியில் பெயருள்ளவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர்; அவர் இறந்தால் காணி அவருடைய பிள்ளைகளுக்குப் போகும், பணம் அனுப்பியவருக்கன்று. தன் சார்பில் கையொப்பமிடும் அதிகாரமான அற்றோணித் தத்துவம் கொடுத்து ஒருவரை நியமிப்பவர்களும், கொடுத்தவர் இறந்தவுடன் அந்த அதிகாரம் முடிந்துவிடும் என்பதை அறிந்திருக்க வேண்டும். விற்பவரே வெளிநாட்டில் இருந்து, அவர் சார்பில் அற்றோணி ஒருவர் கையொப்பமிடும் கொடுக்கல் வாங்கலில், உரிமையாளர் உயிருடன் இருக்கிறார், அந்தத் தத்துவம் மீளப்பெறப்படவில்லை என்பதை அவருடன் நேரடியாகப் பேசி உறுதிப்படுத்திய பின்பே பணம் நகர வேண்டும்.